மூன்று முறை கூப்பிட்டேன்

இன்றைக்குக் கோர்ட்டில் ஒரு தப்பு செய்துவிட்டேன்.

நான் கோவில்பட்டிப் பக்கம் ஒரு சின்ன கோர்ட்டில் டைப்பிஸ்ட். (ஆர்டரில் அப்படித்தான் போட்டிருக்கிறது!)

நிஜத்தில் ஃபைல் எடுப்பது, நீதிபதி சொல்லச் சொல்ல அடிப்பது, நகல் கொடுப்பது, சாயங்காலம் ஃபேனை அணைத்துப் பூட்டுவது எல்லாம் நான்தான்.

வாசலில் பெயர் கூப்பிடுகிற டவாலி அண்ணாச்சி ரிட்டயர் ஆனார். அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. ஏதோ ஒரு திட்ட நிதியில் ஒப்பந்தத்தில் ஒருவரைப் போட்டார்கள். நிதியை நீட்டித்து ஆணை வரவில்லை, அவரும் நின்றுவிட்டார்.

ஆள் வேண்டும், நிதி வேண்டும் என்று மாதாமாதம் நினைவூட்டல் கடிதம் அடிப்பது நான். 'பரிசீலனையில் உள்ளது' என்று வருகிற பதிலைப் பிரித்து ஃபைலில் கோர்ப்பதும் நான். (அந்த ஃபைல் மட்டும் நன்றாகக் கொழுத்துவிட்டது.)

நீதிபதியும் பொறுப்பு நீதிபதிதான். இரண்டு ஊர் கோர்ட் அவர் தலையில். எங்களிடம் மதியம் வரைதான் இருப்பார்.

அவர் கிளம்பிவிட்டால் அந்தக் கட்டடத்தில் நான் ஒருத்திதான். டிபன் பாக்ஸைத் திறந்தால் என்ன குழம்பு என்று கேட்கக்கூட ஆள் கிடையாது. போகப் போகப் பழகிவிடும் என்று நினைத்தேன். பழகவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வழக்கை எடுத்ததும் டவாலி வாசலுக்குப் போய்ப் பெயரை மூன்று முறை கூப்பிட வேண்டும். மூன்றுக்கும் ஆள் வராவிட்டால் வழக்கைத் தள்ளிவிடலாம். இப்போது அந்தக் கூப்பாடும் என் வேலை.

இன்றைக்குச் சண்முகத்தாய் என்பவரின் வழக்கு (பெயரை மாற்றியிருக்கிறேன்). கழுகுமலைப் பக்கம் புஞ்சை. பக்கத்துப் புஞ்சைக்காரர் வண்டிப்பாதையை வெட்டி மறித்துவிட்டார். மழைக்கு முன்னால் டிராக்டர் போனால்தான் விதைப்பு. மழை விழுந்துவிட்டால் கரிசலில் வண்டி இறங்காது.

சாட்சி சொல்ல அவருக்கு இன்றைக்குக் கடைசி வாய்தா. அவருடைய இலவச சட்ட உதவி வக்கீலோ கோவில்பட்டியில் வேறொரு வழக்கில் மாட்டிக்கொண்டார்.

நான் எழுந்து வாசலுக்குப் போனேன். பாதி அடித்த ஆர்டர் கம்ப்யூட்டரில் நிற்கிறது. ஒரே மூச்சில் மூன்று முறையும் கூப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

'மும்முறை அழைத்தும் ஆஜராகவில்லை' என்று என் கைப்பட எழுதினேன். வழக்கு தள்ளுபடி.

ஒரு மணி இருக்கும். ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஏம்மா, சண்முகத்தாய்னு எப்பம்மா கூப்பிடுவிய?"

எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். முதல் பஸ்ஸில் வந்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஜெராக்ஸ் கடை நிழலில் உட்கார்ந்திருந்தாராம்.

"அந்த டவாலி அண்ணாச்சின்னா கேட்டு வாசலுக்கு வந்துல்லா கூப்பிடுவாவ. அதான் அங்கனயே இருந்துட்டேன்."

வராந்தா பெஞ்ச் உடைந்ததிலிருந்து ஜனங்கள் அங்கேதான் காத்திருப்பார்கள் என்பது அண்ணாச்சிக்குத் தெரிந்திருக்கிறது. மற்றவர்களை வக்கீல்களே கூட்டி வந்துவிடுவதால் எனக்குத் தெரியவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. சொல்ல யார் இருக்கிறார்கள்?

தள்ளுபடி ஆகிவிட்டது என்று சொன்னேன். அவர் அழவில்லை, சண்டை போடவும் இல்லை. "அப்பம் இந்த வருசம் தரிசுதானா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பதிலாக என்னை நாலு அறை விட்டிருக்கலாம்.

நீதிபதி காரில் ஏறப்போனார். ஓடினேன். கேட் வரை போய்க் கூப்பிடவில்லை, தப்பு என்னுடையதுதான் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். மெமோ வந்தால் வரட்டும். (அதையும் நான்தான் டைப் அடிக்க வேண்டும்.)

அவர் என்னையும் அந்த அம்மாவையும் பார்த்தார்.

"இன்னும் கையெழுத்துப் போடல. எதிர்த்தரப்பு வக்கீல் போயிட்டாரான்னு பாருங்க. இருந்தா, மறுபடி கூப்பிடுங்க."

வக்கீல் டீக்கடையில் இருந்தார். முகம் சுளித்தார், ஆனால் வந்தார். நீதிபதி போய் உட்கார்ந்தார்.

ஆள் பக்கத்திலேயே நின்றாலும் முறை முறைதானே! கேட் வரைக்கும் நடந்தேன். அந்த அம்மாவும் என் கூடவே நடந்து வந்தார். ஆளில்லாத ரோட்டைப் பார்த்து அடித்தொண்டையிலிருந்து கூப்பிட்டேன்.

"இருக்கேன் தாயி" என்று என் தோளுக்குப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை மாதமாக அந்த வாசலில் பெயர் பெயராகக் கூப்பிடுகிறேன். இவ்வளவு பக்கத்தில் நின்று யாரும் பதில் சொன்னதில்லை.

தள்ளுபடி ரத்தாகி, அவருடைய வக்கீல் இல்லாததால் சாட்சிக்கு அடுத்த வாரம் வாய்தா கிடைத்தது. அதற்குள் மழை வந்துவிடக் கூடாது.

அந்த அம்மா பஸ்ஸுக்குப் போகும்போது, "இம்புட்டுப் பெரிய கட்டடத்துல நீ ஒத்தையிலயா கெடக்க?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

எங்கள் கோர்ட்டுக்கு வருகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். இனி கேட் வரை வந்துதான் கூப்பிடுவேன். ஆனாலும் ஜெராக்ஸ் கடைக்குப் போகாமல் உள்ளே வந்து உட்காருங்கள். ஆள் போடாத நாற்காலிகள் நாலு சும்மாதான் கிடக்கின்றன, என் மேஜைக்குப் பக்கத்தில் எடுத்துப் போடுகிறேன்.