தன் பெயரைத் தானே சொன்னவள்

மண்டபம் அகதிகள் முகாமில் விஜிதரனின் கை படாத தையல் மெஷின் கிடையாது. மிக்ஸி, சுவர்க்கடிகாரம், அயர்ன்பாக்ஸ் என்று எது மூச்சை நிறுத்தினாலும் அவர் வாசலுக்குத்தான் வரும். தொண்ணூறில் தலைமன்னாரிலிருந்து படகேறி வந்தபோது அவருக்கு இருபத்திரண்டு வயது.

முதலில் இருந்தது வேறொரு முகாம். ஒருநாள் மனைவி இரஞ்சிதத்தை ஆஸ்பத்திரியில் சேர்த்த அலைச்சலில், பெயர் கூப்பிடும் வரிசைக்கு அவரால் போக முடியவில்லை. பதிவேட்டில் அடித்துவிட்டார்கள். ஆள் முன்னால் நிற்கிறார், அப்படி ஒருவர் இல்லை என்கிறார்கள்! திரும்ப எழுதவைக்கப் பதினோரு மாதம் நடந்தார். அந்த எரிச்சல் இன்றுவரை ஆறவில்லை. ஏன் ஆற வேண்டும்?

போன வருடம் பாம்பனில் கடலோர விடுதி கட்டிக்கொண்டிருந்த பிரடெரிக், பழைய பங்களா ஏலத்தில் எடுத்த போனோகிராஃப் ஒன்றைக் கொண்டுவந்தார். இசைத்தட்டு போட்டுக் கேட்கும் கிராமபோன் அல்ல; அதற்கும் மூத்தது. சாவி கொடுத்தால் மெழுகு உருளை சுழலும், ஊசி அதன் கோடுகளைத் தடவிக்கொண்டே போகும். உப்புக்காற்று அதை இரும்புக் குப்பையாக்கியிருந்தது.

விஜிதரன் எட்டு மாதம் அதோடு மல்லுக்கட்டினார். அறுந்த வாருக்குத் தையல் மெஷினின் தோல் பெல்ட்டை அளவாக வெட்டினார். ஓசையை எழுப்பும் மெல்லிய தகடு உடைந்திருந்தது. பழைய அயர்ன்பாக்ஸிலிருந்து மைக்காத் தகட்டை உரித்து வட்டமாக நறுக்கிப் பொருத்தினார். கூடவந்த நான்கு உருளைகளில் மூன்று பூஞ்சை பிடித்துப் போயிருந்தன. நான்காவது பாடியது.

ஒரு பெண் தாலாட்டுப் பாடினாள். இரண்டு நிமிடம். பாட்டு முடிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாடினது தொண்டி சவரியாயி" என்றாள்.

இரஞ்சிதம் வாயில் கை வைத்துக்கொண்டாள். விஜிதரனுக்குக் கண் கலங்கிவிட்டது. மெழுகில் பேனாவால் எழுத முடியாது. அதனால் அந்தக் காலத்தில் பாடியவர்களே தங்கள் பெயரைச் சொல்லி முடிப்பது உண்டு.

விடுதித் திறப்பு விழாவுக்கு விஜிதரனையும் கூப்பிட்டார்கள். கண்ணாடி மேசைமேல் இயந்திரம் பளபளத்தது. பக்கத்தில் ஒரு அட்டை. உருளைப் பெட்டியில் கண்டபடி, பதிவு செய்த வெள்ளைக்கார டாக்டரின் பெயர் பட்டத்தோடு இருந்தது. விடுதி முதலாளி பிரடெரிக்கின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே: 'பாடியவர்: பெயர் தெரியாத மீனவப் பெண்.'

"பேர் தெரியாதெண்டு ஆர் சொன்னது? அந்த மனுசி தன்ர வாயாலயே சொல்லுறாவே!"

"மெதுவாப் பேசுங்கண்ணே. அட்டை அடிச்சாச்சு. அடுத்த தடவ மாத்திக்கலாம்" என்றார் பிரடெரிக்.

"அப்ப கடைசி வரைக்கும் ஓட விடுங்கோ. சனம் கேக்கட்டும்."

"ரெண்டு நிமிஷம் யாருண்ணே இங்கன நிப்பா? ஒரு நிமிஷம் போதும்."

"சும்மா சும்மா போடாதேங்கோ. போடப் போட மெழுகு தேயும். ஒருக்கா முழுசாப் பதிஞ்சு வையுங்கோ."

பிரடெரிக் சிரித்துக்கொண்டே வேறு விருந்தாளி பக்கம் போய்விட்டார். பெரிய மனிதர்களின் காது அப்படி. வேண்டாதது அதில் ஏறாது. அதன்பின் தினமும் மாலையில் காபியோடு அந்தப் பாட்டும் பரிமாறப்பட்டது. ஒரு நிமிடம் ஆனதும் பணியாள் ஊசியைத் தூக்கிவிடுவான். விஜிதரன் மூன்று முறை பஸ் ஏறிப் போய்க் கேட்டார். அட்டை மாறவில்லை.

ஐந்தாவது மாதம் பிரடெரிக்கே போன் செய்தார். "மெஷின் கெட்டுப்போச்சுண்ணே. வெறும் இரைச்சலா வருது. கெஸ்ட் நிக்கிறாங்க, ஒடனே வாங்க."

விஜிதரன் போய்ப் பார்த்தார். இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. உருளையை வெளிச்சத்தில் திருப்பினார். முன்பாதிக் கோடுகள் மழமழவென்று வழித்து விட்டாற்போல் இருந்தன. நூறு வருடத்துக்கு மேல் பூஞ்சைக்கும் உப்புக்கும் தப்பி வந்த குரலை ஐந்து மாதத்தில் காபிக்குத் தொட்டுத் தின்றுவிட்டார்கள்!

சாவி கொடுத்து ஊசியை வைத்தார். ஒரு நிமிடம் இரைச்சல். பணியாள் வழக்கம்போல் கையை நீட்டினான். "தொடாத!" என்று விஜிதரன் போட்ட சத்தத்தில் விருந்தாளிகள் திரும்பினார்கள்.

இரைச்சலுக்குள்ளிருந்து குரல் எழுந்தது. யாரும் ஓட விடாத பாதி, தேயாமல் அப்படியே இருந்தது. பாதித் தாலாட்டு. பிறகு செருமல். பிறகு, கூடம் முழுவதும் கேட்க, "பாடினது தொண்டி சவரியாயி."

விருந்தாளிகள் கை தட்டினார்கள். பிரடெரிக்குக்கு முகமெல்லாம் பல். "அண்ணே, இந்தப் பாதி பிரமாதம்! இனிமே இதையே தினமும் போடலாம்" என்று ஊசிக்குக் கை நீட்டினார்.

விஜிதரன் உருளையைக் கழற்றி இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். "அட்டையில பேர் எழுதாமல் இது இனிச் சுத்தாது. இப்ப எழுதுங்கோ. நான் நிக்கிறன்."

விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரடெரிக் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்.