சம்பந்தி மரியாதை

இருபத்தாறு வயதில் எனக்குப் பெரியவர் பதவி கிடைத்தது. யாரையும் போய்க் கேட்கவில்லை. சில மாதம் உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக அரித்தது. அரிப்பு நின்றதும் முகமும் கழுத்தும் தளர்ந்து தொங்க ஆரம்பித்தன. தோலை இழுத்துப் பிடித்துவைக்கும் நார் அழிந்துவிட்டதாம். "ரொம்ப அபூர்வமான கேஸ்" என்று பாண்டிச்சேரி டாக்டர் சந்தோஷமாகச் சொல்லிவிட்டு, மாணவர்களைக் கூப்பிட்டு என் கன்னத்தைக் கிள்ளிப் பார்க்கச் சொன்னார். மருந்து இல்லை. பழைய டிராயரில் எலாஸ்டிக் போன மாதிரி, மற்றதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் என் வயதுக்காரர்களே எழுந்து இடம் கொடுத்தார்கள். நானும் கூச்சமில்லாமல் உட்கார்ந்துகொள்வேன். கல்யாண வீடுகளில் மணமக்கள் என் காலில் விழுந்தார்கள். அட்சதை போட்டுப் பழகிவிட்டேன். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள்: கெமிக்கல் காற்று, நாகதோஷம், புரோட்டா.

இந்த லட்சணத்தில் அம்மா எனக்குப் பெண் பார்த்தாள். ஜாதகத்தோடு அவள் கொடுத்தனுப்பிய போட்டோ நான் காலேஜில் படிக்கும்போது எடுத்தது. "நேர்ல பாத்தா புரிஞ்சிப்பாங்கடா" என்றாள். எனக்கும் கல்யாண ஆசை நிறையவே இருந்தது.

பெண் வீடு மஞ்சக்குப்பத்தில். பெண்ணின் அப்பா வாசலிலேயே என் கையைப் பிடித்து, "வாங்க சம்பந்தி" என்று சோபாவில் உட்காரவைத்தார். தலைக்குச் சாயம் அடித்திருந்த என் அப்பாவுக்கு ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. வெயில், ரோடு, விலைவாசி எல்லாம் என்னோடுதான் பேசினார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெண் காபியோடு வந்தாள். டம்ளர் சுட்டுவிட, விரலை உதறித் தானே சிரித்துக்கொண்டாள்.

"மாமா கால்ல வுழுந்து கும்புட்டுக்கம்மா" என்றார் அவள் அப்பா.

விழுந்தாள். பழக்கதோஷம், என் கை தானாக உயர்ந்தது. "நல்ல மாப்பிள்ளையா அமையட்டும்மா" என்றேன்.

அவருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "மாப்ள அடுத்த பஸ்ல வர்றாருங்களா?"

"இவன்தாங்க மாப்ள" என்றார் என் அப்பா.

யாரும் சிரிக்கவில்லை. பெண் உள்ளே போய்விட்டாள். அவர் போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். பிறகு, தன் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்தபடியே, "சரிங்க, ஊருக்குப் போயி தகவல் சொல்றோம்" என்றார். அது மாப்பிள்ளை வீட்டார் சொல்ல வேண்டியது. பாவம், பதற்றத்தில் எங்கள் வசனத்தையும் அவரே பேசிவிட்டார்.

பெண் பார்க்கப் போன இடத்தில் பையனைத் தனியாகக் கூப்பிட்டு, "பொண்ணு புடிச்சிருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்பார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

பிடித்திருந்தது.