சாலமன் கொண்டுவந்த பழைய போன்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, சாலமனைத் திட்டுவதற்காகத்தான் போன் செய்தேன். ஒரு செல்போன் பாதி திறந்தபடி என் மேசையில் கிடந்தது. மீதியைத் திறக்கும் கை அவருடையது. அவர் மனைவி ரெஜினா எடுத்தார். "அண்ணா, அவரு பஸ் ஸ்டாண்டுலயே போயிட்டாரு" என்றார். நெஞ்சுவலியாம். நாற்பத்தாறு வயது.

உங்களில் பலருக்கு அவர் புதுப்பட்டினம் கடைத்தெருவில் போன் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கடை ஓய்ந்தபின் செங்கல்பட்டில் எங்கள் சிறிய அலுவலகத்துக்கு வந்துவிட்டார். அங்கே என்ன வேலை என்று கேட்டால் சிரித்து மழுப்பியிருப்பார். நான் சொல்கிறேன். செல்போன் கம்பெனிகள் 'என் கண்டுபிடிப்பைத் திருடிவிட்டாய்' என்று ஒன்றின்மேல் ஒன்று காப்புரிமை வழக்குப் போடும். வழக்குப் போட்டவரின் வக்கீல்களுக்காக, எதிராளியின் போனைப் பிரித்து, உள்ளே இருப்பதை எழுதிக் கொடுப்பது எங்கள் பிழைப்பு.

ஒருமுறை சென்னையிலிருந்து வந்த பெரிய வக்கீல் ஒரு போனின் சர்க்யூட் போர்டைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் எங்களுக்குப் பாடம் நடத்தினார். முடியும்வரை பொறுமையாகக் கேட்ட சாலமன், அந்தப் போர்டை வாங்கி, தலைகீழாக இருந்ததை நேராக்கி அவர் கையிலேயே வைத்தார். பிறகு என்னிடம், "பிரிச்சவனுக்குத்தான் தெரியும் மச்சான், பேசறவனுக்கு இன்னா தெரியும்?" என்றார்.

போன வருடம், பேட்டரி சூடானால் சார்ஜ் ஏறுவது தானாகக் குறையும் அமைப்பு பற்றி ஒரு வழக்கு. எதிராளியின் தொழிற்சாலையில் அந்த மாடலைப் பொருத்தும் லைனில்தான் ரெஜினா வேலை பார்த்தார். நாம் செய்யாவிட்டால் வேறொருவர் செய்வார் என்று சாலமனைச் சமாதானப்படுத்தினேன். ஒரு வாரம் கழித்து அவர் மஞ்சள் பையோடு வந்தார். உள்ளே கடைக்காலத்துச் செத்த போன் ஒன்று. அதே அமைப்பு. எங்கள் கட்சிக்காரர் காப்புரிமை கேட்பதற்குப் பல வருடம் முன்பே விற்பனைக்கு வந்தது. ஏற்கனவே இருந்த ஒன்றுக்குக் காப்புரிமை செல்லாது.

"கேஸே நிக்காது மச்சான். இதுல முன்னாடியே கீது." முகமெல்லாம் சிரிப்பு. உண்மை தெரிந்தால் நம்மவர்களே வழக்கை வாபஸ் வாங்கிவிடுவார்கள் என்று வெள்ளந்தியாக நம்பினார். படித்த முட்டாள் நானும் நம்பி, மேலே அனுப்பினேன். போனை வாங்கிக்கொண்ட வக்கீல்கள், ரகசியம் காப்போம் என்று நாங்கள் இருவரும் போட்ட கையெழுத்தை நினைவூட்டிக் கடிதம் அனுப்பினார்கள். அடுத்த மாதமே அந்த மாடலுக்குக் கோர்ட்டு தடை போட்டது. லைன் நின்றது. பெண்களை ஏற்றிப்போக வரும் வேனும் புதுப்பட்டினத்துக்கு வருவதை நிறுத்திவிட்டது.

"அந்தப் போன காட்னா லைனு ஓடும் இல்ல?" என்று சாலமன் ஒரே ஒருமுறை கேட்டார். வாயைத் திறந்தால் நம்மேல் வழக்கு வரும், உங்கள் வேலையும் போகும் என்றேன். "சரி, வுடு" என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டார். சில மாதங்களில் இரண்டு கம்பெனிகளும் சமாதானமாகப் போய்விட்டன. அதற்குள் அந்த மாடலுக்கு வயதாகிவிட்டதால் லைனைத் திறக்கவேயில்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் கிளம்பும்போது ரெஜினா என்னை நிறுத்தினார். "லைன் நின்னதுலேர்ந்து அவரு என் மொகத்தப் பார்த்து ஒரு வார்த்த பேசலண்ணா. நான் இன்னா தப்பு பண்ணேன்?" வேலைப்பளுவாக இருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சாலமனிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அவர் வீட்டில் சொல்லாமல் விட்ட அந்த ஒரு விஷயம்தான். அதைச் சுமக்க எனக்கு அவர் அளவுக்குத் தெம்பில்லை. ரெஜினா, நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. அந்தப் போனை மேலே அனுப்பியவன் நான். அதைப் பற்றி வாயைத் திறக்கவேண்டாம் என்று அவரிடம் சொன்னவனும் நான்.