பி ஷிப்ட் வருவதற்குள்

சுங்குவார்சத்திரத்தில் நாங்கள் தங்கியிருந்த பெண்கள் ஹாஸ்டலில் மாடிக்கு ஒரு லீடர் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கைதூக்கித் தேர்ந்தெடுப்போம். எங்கள் மாடியில் இருபத்து நான்கு பேர், குளியலறை இரண்டு. யார் முதலில் குளிப்பது என்று பட்டியல் போடுவதுதான் லீடரின் பெரிய அதிகாரம். அந்த முறை நானும் நின்றேன். திருநெல்வேலிப் பக்கத்து அக்கா ஒருத்தி என்னை மண்ணைக் கவ்வ வைத்தாள்.

நல்லவள்தான், ஆனால் ஓரவஞ்சனைக்காரி. தன் ஊர்ப் பெண்களைப் பட்டியலில் மேலே போட்டுவிடுவாள். நான் எப்போதும் கடைசி. ஈரத்தலையோடு ஓடியும் கம்பெனி பஸ்ஸை இரண்டு தடவை விட்டேன். இன்னொரு தடவை விட்டால் வேலைக்கே வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வார்டனுக்கும் அவளைக் கண்டால் ஆகாது. குடிதண்ணீர் நாறியபோது கேனோடு தூக்கிக்கொண்டு போய் வார்டன் மேசை மேல் வைத்தவள் அவள். ஒரு நாள் சாயங்காலம் வார்டன் என்னைக் கூப்பிட்டார்.

"மாடில பாதிப் பேர் கையெழுத்து வாங்கினு வா. அவள எடுத்துட்டு உன்னியே லீடரா போட்டுடறேன்."

அந்த வாரம் அவளும் அவளுக்குக் கைதூக்கியவர்களில் பலரும் பி ஷிப்ட். ராத்திரிதான் வருவார்கள். அவளை மாற்றச் சொல்லிக் கடிதம் எழுதி, மாடியில் இருந்தவர்களிடம் அரை மணி நேரத்தில் என்னுடையதோடு சேர்த்துப் பதினோரு கையெழுத்து வாங்கிவிட்டேன். கடைசியாக என் அறைத்தோழியிடம் நீட்டினேன். காஞ்சிபுரத்துக்காரி, தேர்தலில் எனக்காக ஓட்டுக் கேட்டவள்.

"எனுக்கும் அவ வேணாம்தான். ஆனா வேலைக்குப் போய்க்கீற பொண்ணுங்க வந்து, எங்கள கேக்காம எப்டி மாத்தினன்னு கேட்டா இன்னா சொல்லுவ?"

கோபத்தில் போய்ப் படுத்துக்கொண்டேன். பி ஷிப்ட் பெண்கள் வந்து அப்படிக் கேட்பதை நினைத்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் லீவு. மாடி முழுக்கக் கூடியிருந்தபோது பட்டியல் விஷயத்தை அவள் முகத்துக்கு நேராகவே கேட்டேன். அவள் மழுப்பவில்லை.

"எங்க ஊருப் பிள்ளைகள மேல போட்டது நெசந்தான். தப்புதான். நான் வேண்டாம்னா கையத் தூக்குங்க."

முதலில் தூக்கியது நான்தான். மொத்தம் ஒன்பது கைகள். கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர்களிலேயே சிலர் தூக்கவில்லை.

மறுநாள் முதல் பட்டியலை முறை மாற்றிப் போட்டாள். ஊர்ப் பாசம் அதிலும் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. ஆனால் எனக்கு பஸ் கிடைத்தது, வேலை தங்கியது.

வார்டன் என்னை கேட் அருகே பிடித்துக்கொண்டார். "இன்னாம்மா, லெட்டர குடுத்திருந்தா இந்நேரம் நீதான லீடரு?"

"ஆமா மேடம். இப்பத் தோத்துட்டேன்," என்றேன் சிரித்தபடி. "ஆறு மாசம் கழிச்சு மறுபடியும் நிக்கிறேன்."