கும்பத்தடியில் ஊதா வெளிச்சம்

என் கணவர் அருளம்பலத்துக்குப் பகலிலேயே கனவு வரும். சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும் கை நடுவில் நின்றுவிடும். கண் சுவரில் இருக்கும், சுவரைப் பார்க்காது. "எங்கை நிக்கிறீங்கள்?" என்று கேட்டால், "இஞ்சைதான், புஸ்பராணி" என்பார். இருபது வருடம் இப்படிக் குடும்பம் நடத்தினேன் என்றால் என் பொறுமையை நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு வேலை துறைமுகத்தடி ஐஸ் கொம்பனியில். மெசினை ஓடவிடுவதும் நிறுத்துவதும் அவர் பொறுப்பு. கடலுக்குப் போக நேவியின் பாஸ் வேண்டும் என்று வந்த பிறகு மீன் குறைந்தது, மீன் குறைந்ததால் ஐஸ் தேவைப்படவில்லை, மெசின் கிழமையில் இரண்டு நாள்தான் ஓடியது. மிச்ச நாளெல்லாம் மனிதர் வீட்டில். வேலையில்லாத மனிதரை வீட்டில் வைத்திருப்பதைவிட ஆடு வளர்க்கலாம், அது பாலாவது தரும் என்று அவர் காதுபடவே சொல்லியிருக்கிறேன். அவர் சிரித்துவிட்டுக் கனவுக்குத் திரும்பிவிடுவார்.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, சண்டைக்குள் இரவில் விமானம் வந்து குண்டு போடுமோ என்று வானத்திலிருந்தும் பயம் வரத் தொடங்கியிருந்த காலம். துறைமுகத்தைப் பார்த்த ஜன்னல்களில் வெளிச்சம் தெரியக்கூடாது என்று நேவிக்காரர் சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் வீட்டுக்கு வெயில் வருகிற ஒரே வழி அந்த ஜன்னல்தான். மற்றப் பக்கமெல்லாம் அடுத்த வீட்டுச் சுவர். பகலிலும் கழற்ற முடியாதபடி சாக்கை மடித்து ஆணி அடித்ததோடு வீடு கிணறாகிவிட்டது. ஜன்னலடியில் நான் வளர்த்த அந்தூரியம் தலையைத் தொங்கப் போட்டது. எனக்கு அழுகை வந்தது. ஊரில் அழுவதற்கு எவ்வளவோ இருக்க ஒரு பூச்செடிக்கு அழுகிறேனே என்று என் மேலேயே கோபமும் வந்தது. அதைப் பார்த்துவிட்டார் மனிதர்.

முதலில் குண்டு பல்ப் ஒன்றைச் செடிக்கு மேலே தொங்கவிட்டார். மூன்றாம் நாள் இலைகளின் ஓரம் அப்பளம் மாதிரிப் பொரிந்துவிட்டது. பிறகு ரியூப் லைட். அதில் சூடு இல்லை, ஆனால் விமானச் சத்தம் என்று சந்தேகம் வந்தாலே ஊர் முழுக்கக் கரண்டை நிறுத்துவார்கள், செடி மறுபடி இருட்டில் கிடக்கும். பற்றறியில் எரிய வேண்டும், சுடக்கூடாது, பற்றறியைக் குடித்துத் தீர்க்கவும் கூடாது என்று யோசித்து யோசித்துக் கடைசியில் சீன டோர்ச்சுக்குள் இருக்கிற சின்ன எல்.ஈ.டி. பல்புகளில் வந்து நின்றார். அதற்குக் காரணம் ஜவாஹிர்.

ஜவாஹிர் கிண்ணியாக்காரர். தினமும் துறையில் மிதவைப் பாதை என்கிற தட்டைப் படகில் ஏறி வந்து பஸாரில் மின்சாமான் கடை திறப்பார். அவருடைய மைத்துனர் கட்டாரில் ஒரு தோட்டத்தில் வேலை செய்தார். கொட்டகைக்குள்ளே தக்காளி வளர்க்கிற தோட்டம்.

"வெள்ளை லைட் மனிசருக்கு, அருளண்ணன். மரம் செடிக்குச் சிவப்பும் நீலமும்தான் சாப்பாடு. மச்சான் கண்ணால பார்த்திருக்காரு. உள்ள போனா ஊதாவாத்தான் இருக்குமாம்."

அவ்வளவுதான். இவருக்குச் சோறு தண்ணி மறந்துபோனது. உடைந்த விளையாட்டுக் கார்களின் பின்பக்கத்திலிருந்து சிவப்பு பல்புகளைக் கழற்றினார். நீலம் கிடைப்பது கஷ்டம். சோதனைச் சாவடியில் வயரும் பல்புமாகப் பிடிபட்டால் விளக்கம் சொல்லி முடியாது. ஜவாஹிர் கல்யாண வீட்டுச் சோடனை என்று சொல்லி நீல மின்பூமாலை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். எந்தக் கல்யாணம் என்று கேட்டார்களாம். தன்னுடையதுதான், இரண்டாவது என்றாராம் அந்த மனிதர். சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

பிஸ்கட் ரின் மூடியில் துளை போட்டு பல்புகளைச் செருகினார். பற்றவைக்கும் புகை மணத்தோடு எனக்குப் பாடம் வேறு நடந்தது. சிவப்புக்குக் குறைந்த வோல்ட் போதும், நீலத்துக்குக் கூட வேண்டும். இரண்டையும் ஒரே வரிசையில் பக்கம் பக்கமாகப் பூட்டினால் சிவப்பு எல்லாவற்றையும் குடித்துவிடும், நீலம் பட்டினி கிடக்கும். அதனால் தனித்தனிப் பந்தி, ஒவ்வொரு பந்திக்கும் அளவோடு பரிமாற ஒரு ரெசிஸ்டர். பழைய மோட்டார் சைக்கிள் பற்றறியில் வயரைத் தொட்டதும் அறை முழுவதும் ஊதாவாகிவிட்டது.

அந்த வெளிச்சத்தை எப்படிச் சொல்வது? சுவரின் காரை பெயர்ந்த இடங்கள் தெரியவில்லை. என் கை என்னுடையது போலவே இல்லை. வெளியே ஊர் மூச்சை அடக்கிக்கொண்டு இருட்டில் இருக்க, நாங்கள் பாயில் உட்கார்ந்து அந்தூரியத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். நான்கு கிழமையில் அது புது இலை விட்டது. இவருடைய தங்கை குணேஸ்வரியும் எங்களோடு உட்காருவாள். "கடலுக்கு அடியிலை இருக்கிற மாதிரிக் கிடக்கு, மச்சாள்" என்றாள் ஒரு நாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

அவளுடைய கணவர் இராசதுரை முந்திய வருடம் மன்னாருக்குப் போய் அங்கிருந்து இந்தியாவுக்குப் படகேறினார். போய்ச் சேர்ந்ததும் அவளைக் கூப்பிடுவதாக ஏற்பாடு. படகில் ஏறியதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். இறங்கியதைக் கண்டவர் யாரும் இல்லை. இராசதுரையின் தமையன் கனகசுந்தரம் சல்லி என்ற கடற்கரை ஊரில் இருக்கிறார், கடல் தொழில். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன், தம்பியை மடியில் வைத்து வளர்த்தவர். வருடம் கழிந்ததும் வந்து மெல்லக் கதையெடுத்தார்.

"செய்ய வேண்டியதைச் செய்யாமல் ஒரு ஆத்துமாவை அலைய விடக்கூடாது, பிள்ளை. எனக்கு நித்திரை இல்லை."

அந்தக் கடைசிக் கிரியையைச் செய்தால் குணேஸ்வரியின் தாலி இறங்கும். அவள் குனிந்தபடியே சொன்னாள்.

"நவராத்திரி வருது, அத்தான். கும்பம் வைக்கிறன். முளை கும்பத்தின்ரை கழுத்தைத் தொட்டால் அவர் இருக்கிறார். தொடாட்டி நீங்கள் சொல்லுறபடி செய்வம்."

எங்கள் ஊரில் நவராத்திரிக் கும்பம் சின்னக் காரியமில்லை. மூடிய அறையில் மணல் பரப்பி, நவதானியம் விதைத்து, நடுவில் கும்பம் வைத்து, வெயில் படாமல் மஞ்சள் தண்ணீர் தெளித்து வளர்ப்போம். பத்தாம் நாள் முளை பொன்னிறத்தில் நெடுத்து நிற்கும், அன்றைக்குத்தான் வெட்டுவோம். முளை நன்றாக வந்தால் வீட்டுக்கு நல்லது என்பார்கள். அந்த முறை அந்த மணலில் கிடந்தது ஒரு பெண்ணின் தாலி. எனக்கு அந்த அறைக்குள் போகவே கால் கூசியது.

மூன்றாம் நாள் முளை வெளுப்பாகத் தலை நீட்டியது. இவர் வாசலில் நின்று பார்த்தார். அந்தக் கண் எனக்குத் தெரியும். அப்போதே கையைப் பிடித்துக் அடுப்படிக்குள் இழுத்திருக்கலாம்.

"குணேஸ், இருட்டிலையே இதுகள் இந்த வளத்தி வளருது. சாப்பாடு குடுத்தால் கூரையைத் தொடும். லைட்டைக் கொண்டுவந்து வைப்பமோ?"

"கும்பத்துக்குப் பிழை வராதோ, அண்ணா?"

"வெயில்தானே படக்கூடாது. விளக்கு எரியுதுதானே. இதுவும் ஒரு விளக்கு."

இப்படியொரு நியாயத்தை எங்கள் ஊரில் இவரைத் தவிர வேறு யார் கண்டுபிடிப்பார்கள்? அவள் தன் அண்ணனை நம்பினாள். சாகக் கிடந்த அந்தூரியத்தை எழுப்பிய வெளிச்சம் அல்லவா. முளைக்கு மேலே பிஸ்கட் மூடி தொங்கியது. கும்பத்தின் தேங்காயும் மாவிலையும் ஊதாவாகின. குணேஸ்வரி அதன் முன்னால் உட்கார்ந்து உதடு அசையாமல் கும்பிட்டாள். அவளை அவ்வளவு அழகாக நான் கண்டதில்லை. அந்த நாட்களில் வீட்டில் எல்லோரும் மெல்லத்தான் நடந்தோம், மெல்லத்தான் பேசினோம். இராசதுரை அடுத்த அறையில் படுத்திருக்கிறார், எழுப்பிவிடக்கூடாது என்பது போல இருந்தது.

முளை பச்சையாகியது. தண்டு தடித்தது, இலை விரிந்தது, பார்க்க நல்ல செழிப்பு. ஆனால் உயரவில்லை. எட்டாம் நாள் கும்பத்தின் வயிற்றில் பாதிக்குக்கூட வரவில்லை. இவர் ஜவாஹிரிடம் ஓடினார். ஜவாஹிர் கட்டாருக்கு போன் எடுத்து மைத்துனரைக் கேட்டார். திரும்பி வந்த மனிதரின் முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. வெளிச்சம் கிடைத்தால் செடி நீளாதாம். வாயில் வந்தபடி ஏசினேன். லைட்டை நிறுத்தினார், இனி என்ன பயன்.

பத்தாம் நாள் காலையில் கனகசுந்தரம் சைக்கிளில் வந்தார். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் வெள்ளைச் சேலை இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார், திறக்கவில்லை. குணேஸ்வரி கும்பத்தின் முன் முழங்காலில் இருந்து முளையின் நுனியில் விரலை வைத்தாள். விரலுக்கும் கும்பத்தின் கழுத்துக்கும் இடையில் ஒரு கை அகலம்.

பிறகு இவர்தான் வாசலில் நின்றபடி சொன்னார்.

"இது முளையின்ரை குற்றமில்லை. நான் லைட் போட்டனான். போடாமல் விட்டிருந்தால் கழுத்தைத் தாண்டியிருக்கும்."

"அப்ப முளை என்ன சொல்லுது?" என்று கேட்டார் கனகசுந்தரம். பையின் வாயை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தார். அவரும் எவ்வளவு பயந்துபோய் இருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஒண்டும் சொல்லேல்லை. நான் சொல்ல விடேல்லை."

குணேஸ்வரி திரும்பாமலே கேட்டாள். "இருட்டிலை ஏன் அண்ணா நீளுது?"

"வெளிச்சத்தைத் தேடித்தான். விதைக்குள்ளை இருக்கிற எல்லாத்தையும் செலவழிச்சு நீளும். கிடைச்சிட்டால் நிண்டிடும், இலை விடும்."

அவள் அந்தப் பச்சையை விரலால் தடவினாள்.

"அப்ப வருசா வருசம் நாங்கள் வடிவெண்டு கும்பிட்டது, அதுகள் தேடின நீளத்தை."

பிறகு எழுந்து கனகசுந்தரத்தின் முன்னால் வந்து நின்றாள். அழவில்லை.

"அத்தான், நானும் இருட்டிலைதான் நிக்கிறன். இன்னும் நீள என்னட்டை இருக்கு. இப்ப என்னை வெட்டாதேங்கோ."

கனகசுந்தரம் பையால் முகத்தை மூடிக்கொண்டார். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கியது. "என்னட்டை இல்லை, பிள்ளை. முடிஞ்சுது. அதுதான் கேட்டனான்" என்றார்.

"அப்ப நீங்கள் இருங்கோ. உங்களுக்கும் சேர்த்து நான் தேடுறன்."

நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு அவர் சைக்கிளை எடுத்தார். பையைத் திறக்காமலே கொண்டுபோனார். என் கணவர் படலை வரைக்கும் கூடப் போய், அவர் தெருமுனை திரும்பும்வரை நின்றார்.

இன்றுவரை இராசதுரையிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. குணேஸ்வரியின் கழுத்துத் தாலியில் கைவைக்க எவரும் பிறகு வரவில்லை.