விரிந்த பிச்சி மொட்டாகுமா?

"அண்ணாச்சி, ஒரு கேள்வி. விரிஞ்ச பூவு திரும்ப மொட்டாகுமா?"

மூன்று வாரத்துக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பகவதி என்னிடம் இப்படிக் கேட்டார். தத்துவம் பேசுகிறாரோ என்று பயந்துவிட்டேன். நான் போயிருந்தது தங்கை மகளின் நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு மாலைக்குச் சொல்லிவிட்டு வர. காலை ஏழு மணிக்குத் தத்துவத்துக்குத் தயாராக யார் இருப்பார்கள்?

"ஆகாதே" என்றேன்.

"அப்பம் அது கள்ளக்களிதான்!" பக்கத்திலிருந்த கூடையை ஓங்கி ஒரு தட்டு தட்டினார். கேந்திப்பூ நாலைந்து துள்ளிக் கீழே விழுந்தன.

கள்ளக்களி என்றால் எங்கள் பக்கம் ஏமாற்று ஆட்டம். யார் செய்த கள்ளக்களி? அதைச் சொல்வதற்கு முன்னால் பகவதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பூச்சந்தைக்குப் பேர்போன தோவாளையில் மாலை கட்டுகிறவர். ஐம்பதைத் தொடும் வயது. கல்யாணம், கோயில் கொடை என்று ஆர்டர் வந்தால் அவரும், நாத்தனார் சொர்ணமும், அக்கம்பக்கத்துப் பெண்கள் மூன்று பேரும் முன்னறையில் பாய் விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். இரவு பதினொன்றுக்குத் தொடங்கினால் மூன்று மணிக்கு முடியும். மாலைகளை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கணவர் தாணுலிங்கம் கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்குப் புறப்படுவார். நமக்கெல்லாம் நடுச்சாமம் என்பது அந்த வீட்டில் ஆபீஸ் நேரம்.

ஆபீஸ் நேரத்தில் தூக்கம் வரக் கூடாது இல்லையா? அதற்குத்தான் டி.வி. கை நாரைப் பார்த்துக்கொள்ளும், கண் டி.வி.யைப் பார்க்கும்.

அந்த நேரத்தில் டி.வி.யில் என்ன வரும்? மூட்டு வலித் தைலம். அதை விட்டால், போன் செய்து பதில் சொல்லும் போட்டி.

நீங்களும் தூக்கம் வராத ஓர் இரவில் பார்த்திருப்பீர்கள். திரையில் ஒரு படம். அதன் மேல் பத்துப் பன்னிரண்டு கட்டங்கள் ஒட்டி மறைத்திருப்பார்கள். மறைத்தது போக மிச்சம் தெரிவதை வைத்து, அது என்ன என்று சொல்ல வேண்டும். ஒரு பெண் நின்றுகொண்டு, வீடு தீப்பற்றியது போலக் கத்துவார். "கமான் கமான்... இன்னும் ஒரே ஒரு நிமிஷம்தான்... லைன் ஃப்ரீயா இருக்கு... உடனே கால் பண்ணுங்க!" அந்த ஒரு நிமிடம் நாற்பது நிமிடம் ஓடும்.

பகவதி பார்த்த இரவில் படத்தில் தெரிந்தவை: ஒரு பெரிய மரச்சக்கரம், தடித்த வடம், தொங்கும் துணித் தோரணம். வேறு என்னவாக இருக்க முடியும்? தேர். ஐந்து பெண்களும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள்.

ஆனால் லைன் கிடைத்தவர்கள் சொன்ன விடைகள்... ஒருவர் "ஆட்டோ" என்றார். ஒருவர் "ராட்டினம்" என்றார். மூன்றாமவர் நிதானமாக யோசித்து, "மாவாட்டுற கல்லு" என்றார்.

"சுசீந்திரத்துல வருசா வருசம் வடம் பிடிச்ச கையாக்கும் இது!" என்று பகவதி போனை எடுத்தார்.

வடம் பிடித்த கைக்கு லைன் கிடைக்கவில்லை. "உங்கள் அழைப்பு வரிசையில் உள்ளது" என்று ஒரு குரல். பிறகு ஒரு வீணை. வீணை முடிந்ததும், "பீப் ஒலிக்குப் பிறகு உங்கள் பெயர், ஊர், விடையைச் சொல்லவும்." சொன்னார். அவ்வளவுதான். மறுநாளும் அதே படம், அதே ஆட்டோ, அதே வீணை. இது சாதாரண கால் அல்ல. வீணை கேட்பதற்கும் நிமிடக் கணக்கில் காசு.

பகவதிக்குப் பரிசு மேல் பெரிய ஆசை இல்லை. பரிசு கிடைத்தாலும் ஆட்டோவின் டயருக்குப் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். அவருக்கு வேண்டியது வேறு. "நான் தோவாளையிலேர்ந்து பகவதி பேசுகேன்" என்று டி.வி.யில் ஒரு தடவை கேட்க வேண்டும். தெரு முழுக்கச் சொல்லியும் வைத்துவிட்டார். சொன்ன பிறகு பின்வாங்க முடியுமா?

சொர்ணம் விடவில்லை. "மயினி, டி.வி.யில எப்பம் வருவிய? முன்னாடியே சொல்லுங்கோ, நான் புதுச் சேலை கட்டிட்டு உக்காந்து பாக்கணும்லா."

"வருவேன் ஏட்டி, நீ நாரை நனை."

"எனக்கு ஒண்ணுதான் மயினி விளங்கல. தேரத் தெரியாதவனுக்கெல்லாம் லைன் கெடைக்கி. தெரிஞ்சவ நமக்கு வீணையாக்கும் கெடைக்கி. அது எப்படி?"

நேர்மையைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக ஒரு கேள்வியை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை.

கேள்விக்கு விடை கிடைத்தது அந்தப் பெண்ணின் தலையில். கத்துகிற பெண் கொண்டையைச் சுற்றிப் பூ வைத்திருந்தார். சென்னையில் ஜாதிமல்லி என்பார்கள், தோவாளைக்கு அது பிச்சி. விடியும் முன்பே மொட்டாகச் சந்தைக்கு வரும். பொழுது சாயும்போது வாய் திறக்கும். நடுச்சாமத்தில் முழுதாக விரிந்து தளர்ந்து கிடக்கும். இது தோவாளைப் பிள்ளைகளுக்கு எழுத்து படிக்கும் முன்பே தெரிந்த பாடம்.

நாமெல்லாம் படத்தைப் பார்ப்போம். பகவதி பூவைப் பார்த்தார்.

ராத்திரி ஒன்றே கால் மணி. மூலையில் 'லைவ்' என்று சிவப்பு எழுத்து. தலையில் பிச்சி... மொட்டு!

தாணுலிங்கம் நம்பவில்லை. "ஐஸ் பெட்டியில வச்சிருப்பாவ ஏட்டி. நாம கேரளத்துக்கு அனுப்புகது எப்படியாம்?"

நியாயமான எதிர்வாதம். பகவதியும் ஒப்புக்கொண்டார். ஆனால் அடுத்த இரவு நிகழ்ச்சியை முதலிலிருந்து பார்த்தார். பன்னிரண்டரைக்கு அதே பச்சைச் சேலை, அதே பூச்சரம் — எல்லாம் விரிந்து கிடந்தது. விளம்பரம் முடிந்து ஒன்றே காலுக்கு வந்தால் மொட்டு.

"ஐசுல வச்சா மொட்டு மொட்டாவே இருக்கும், சரி. விரிஞ்சது மூடுமா? மூடுகதுக்கு அது என்ன, குடையா?"

தாணுலிங்கம் ஆட்டோவுக்குக் காற்று பார்க்கப் போய்விட்டார்.

என்னிடம் அன்று காலையில் கேட்ட கேள்வி இதுதான்.

முப்பது வருடம் பத்திரிகையில் வேலை பார்த்தவனுக்கு ஒரு நோய் உண்டு. ஒருவர் சொன்னால் அது தகவல், இரண்டாவது ஆளும் பார்த்தால்தான் செய்தி. அன்றிரவு நோட்டுப் புத்தகத்தோடு டி.வி. முன்னால் உட்கார்ந்தேன். "இந்த வயசுல எந்தப் பரீட்சைக்குப் படிக்கிய?" என்று கேட்டுவிட்டு மனைவி தூங்கப் போய்விட்டாள்.

நோட்டில் உள்ளதை அப்படியே தருகிறேன். 12.40 — பூ விரிந்திருக்கிறது. 1.08 — விளம்பரம். 1.17 — மொட்டு. ஐயமில்லை. 1.50 — ஒருவர் "தேர்" என்கிறார். கைதட்டல், காகித மழை. பெயர்? தெளிவாகக் கேட்கவில்லை. ஊர்? "தமிழ்நாட்டிலிருந்து நம்ம நேயர்."

திரையின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி ஓடியது. அதைப் படித்து முடிக்க எனக்கு மூன்று இரவு ஆயிற்று. அழைக்கும் எல்லோருக்கும் இணைப்பு கிடைக்கும் என்ற உறுதி இல்லையாம், நிகழ்ச்சியின் சில பகுதிகள் முன்பே பதிவு செய்யப்பட்டிருக்கலாமாம். கத்துவதெல்லாம் பெரிய குரலில்... உண்மை மட்டும் பொடி எழுத்தில்.

முன்பே பதிவு செய்வது தப்பா? இல்லை. பாதி நிகழ்ச்சிகள் அப்படித்தான். ஆனால் பகலில் எடுத்து முடித்ததை இரவில் காட்டி, "இதோ இப்போது கூப்பிடு" என்றால், கூப்பிடுகிறவர் யாரோடு போட்டி போடுகிறார்?

எங்கள் பக்கம் கோயில் விழாவில் உறியடி நடக்கும். பானையைக் கயிற்றில் கட்டி ஒருவர் இழுத்துக்கொண்டிருப்பார். கம்பு பானையைத் தொடப் போகும் நேரத்தில் சுண்டி மேலே தூக்கிவிடுவார். அதுவும் ஏமாற்றுத்தான். ஆனால் யாரும் கோபப்படுவதில்லை, சிரிக்கிறோம். ஏன்? கயிறு தெரிகிறது. கயிற்றைப் பிடித்திருப்பவர் மாமாவா சித்தப்பாவா என்றும் தெரிகிறது. எப்படித் தோற்றோம் என்று தோற்றவனுக்கும் தெரிந்தால் அது விளையாட்டு. கயிற்றை மறைத்துவிட்டால்...?

கேள்வியை ஏன் இவ்வளவு சுலபமாக வைக்கிறார்கள் என்பதும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கஷ்டமான கேள்வி என்றால் நாம் தூங்கப் போய்விடுவோம். தெரிந்த விடை தொண்டையில் நிற்கும்போது யாருக்குத் தூக்கம் வரும்?

நான் நோட்டோடு தோவாளைக்குப் போனேன். "நீங்க சொன்னது சரி. பூ ஒப்புக்கொண்டுவிட்டது. இனி கூப்பிடாதீங்க, காசு வீண்."

பகவதியின் முகம் வாடியது. கண்டுபிடித்தவர் அவர்தான், ஆனாலும் அது பொய்யாகிவிடாதா என்று உள்ளூர ஓர் ஆசை இருந்திருக்கிறது. "அப்பம் இத்தனை நாளு நான் பேசினத யாருமே கேக்கலியா அண்ணாச்சி?"

நோட்டை மூடிப் பைக்குள் வைத்தேன்.

அன்றிரவு கடைசியாக ஒரு முறை கூப்பிட்டார். மற்ற நால்வரும் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்களாம். வீணை முழுக்க முடிந்து பீப் ஒலித்ததும், பெயர் சொன்னார், ஊர் சொன்னார். விடை சொல்லவில்லை. கத்துகிற அந்தப் பெண்ணிடமே பேசினார்.

"மக்களே, நான் பூக்கட்டுகவ. பன்னெண்டரைக்கு விரிஞ்ச பிச்சி ஒண்ணே காலுக்கு மொட்டா ஆகாது கேட்டியா? பகல்ல படம் பிடிக்கியன்னா பிடிங்கோ, அது உங்க சோலி. ஆனா பூவை முன்னே பின்னே மாத்தி ஒட்டி எங்களுக்கே காட்டாதிங்கோ. நீ தொண்ட கிழியக் கத்துகதப் பாத்தா எனக்குப் பாவமாத்தான் இருக்கு. சுக்குவெள்ளம் குடி."

போனை வைத்தார். "இதயும் அந்த வீணைதான் கேட்டிருக்கும்" என்றார் சொர்ணம்.

பத்து நாள் கழிந்தது. போன வெள்ளிக்கிழமை, நிச்சயதார்த்தத்துக்குச் சொல்லியிருந்த மாலைகளை வாங்கப் போனேன். முன்னறையில் ஒரே சிரிப்பு. ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேசினால் என்ன விளங்கும்? கடைசியில் சொர்ணம்தான் விவரம் சொன்னார்.

"அண்ணாச்சி, நேத்து ராத்திரி அந்தப் பிள்ளைக்கத் தலையப் பாத்தியளா? பன்னெண்டரைக்கும் விரிஞ்ச பூவு. ஒண்ணே காலுக்கும் விரிஞ்ச பூவு. ரெண்டு மணிக்கும் அப்படியே நிக்கி. ஒரு இதழு அசையல. பிளாஸ்டிக்காக்கும்!"

போட்டி மாறவில்லை. வீணை மாறவில்லை. "இன்னும் ஒரே ஒரு நிமிஷம்" மாறவில்லை. பூவை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. பகவதிக்கு அந்தக் குழப்பமே இல்லை. மாலையை என் கையில் தந்தபோது முகம் முழுக்க விரிந்திருந்தது.

"பாத்தியளா அண்ணாச்சி? ஒருத்தி பேசினத ஒருத்தன் உக்காந்து கேட்டிருக்கான். எழுந்து போயி கடையில பூ வாங்கியிருக்கான். இதுக்கு மேல என்ன வேணும்? நான் ஜெயிச்சாச்சு. இனி கூப்பிட மாட்டேன்."

"புதுச் சேலைய என்ன செய்ய மயினி?" என்று சொர்ணம் கேட்க, மறுபடி சிரிப்பு.

வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த தாணுலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை.

"பரிசு கொண்டாறேன்னு சொன்னா அண்ணாச்சி. பிச்சிப்பூ வாங்கிட்டிருந்த ஒருத்தியையும் பிளாஸ்டிக்குக்கு அனுப்பிட்டா!"