விறைப்பு என்று நான் சொன்ன சொல்

வயல்வரம்பில் நடக்கும்போது என் வலது கெண்டைக்காலில் (முழங்காலுக்குக் கீழுள்ள பின்சதை) ஒரு பிடிப்புத் தோன்றியது. நின்றால் தணியும், நடந்தால் மீண்டும் வரும். வாதம் என்று எண்ணி எண்ணெய் பூசி வந்தேன்.

“வயலுக்குப் போகச் சொன்னால் நோகுது, சந்தியில நிண்டு கதைக்கேக்க மட்டும் ஒண்டுமில்லை,” என்று என் துணைவியார் நகைத்தார்.

மாரி தொடங்கியபோது படுத்திருந்தாலும் வலி விடவில்லை. “கால் விறைக்குது,” என்றேன். உணர்ச்சி இல்லை என்பதே நான் கருதிய பொருள். எங்கள் பேச்சில் குளிருக்கும் அதே சொல்தான். அவர் குளிர் என விளங்கிக்கொண்டு, மணலை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் வைத்தார்.

“சுடுதோ?”

“இல்லை. இன்னும் வையும்.”

மறுநாள் பெருவிரலில் கொப்புளம் கண்டோம். அது புண்ணாகிக் கறுத்தது.

கிளிநொச்சியில் வைத்தியர் என் பாதங்கள் இரண்டையும் ஒருசேரத் தொட்டு, நாடியைத் தேடினார்.

“ஐயா, சுருட்டு எவ்வளவு காலமாய்?”

“மீசை முளைச்ச நாளிலயிருந்து.”

“இது வாதமில்லை. காலுக்கு இரத்தம் போற குழாய் அடைபட்டுப்போச்சு. சீனி வருத்தமும் (நீரிழிவு) இருக்கு.”

“குழாயைத் திருத்த ஏலாதோ?” என்றார் துணைவியார்.

“இஞ்சை ஏலாது அம்மா. கொழும்புக்குத்தான் போகோணும்.”

போரினால் கொழும்புப் பாதை மூடப்பட்டிருந்தது. படையினரிடம் அனுமதி கேட்டோம். கருமை எந்த அனுமதிக்கும் காத்திராமல் பாதத்தில் ஏறியது.

“நான்தான் சுட்டுப்போட்டன்,” என்று துணைவியார் கட்டிலருகே அழுதார்.

“நான் சொன்ன சொல் அப்பிடி,” என்றேன். முழங்காலுக்குக் கீழே வெட்டினார்கள்.

இதே துன்பத்தில் இருப்போர் அறிக: நீங்காத கால்வலிக்குக் காரணம் ஒன்றல்ல. இடுப்பிலிருந்து இறங்கும் வலி நரம்பினால் வரலாம். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடேறினால் உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் காலைத் தேய்த்து உருவாமல் உடனே வைத்தியரிடம் செல்லுங்கள். நடந்தால் வந்து நின்றால் போகும் வலியையும் காட்டுங்கள். பாதம் குளிர்ந்தாலோ நிறம் மாறினாலோ புண் ஆறாவிட்டாலோ ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். உணர்ச்சியற்ற காலில் சூடு வைக்காதீர்கள்.

சுருட்டை விட்டுவிட்டேன். எனினும் இப்போது இடது கெண்டையும் பிடிக்கிறது. பாதை இன்னும் திறக்கவில்லை. ஊன்றுகோல்களுடன் கிணற்றடிக்குப் புறப்பட்டால், வலி பாதிவழியில் நிறுத்திவிடுகிறது. இரத்தம் வந்து சேரும்வரை அசையாமல் நிற்கிறேன். பொழுது என்று நான் அறிவது இப்போது அந்தக் காத்திருப்பை மட்டுமே. அது நாளுக்கு நாள் நீள்கிறது.